ஐயனோட மடக்குக்கத்தி

ரெண்டு நாளா நல்ல மழை. காடு ஈரம் காயற வரைக்கும் களைக்கொத்துக்கு வேலை இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பேத்திக்கு ஒரு மரக்காளை செதுக்கிக்கிட்டு இருந்தேன். அப்போதான் சென்னையில் இருக்கிற தங்கச்சி பையன் போன் பண்ணினான்.

"மாமா, ராத்திரி பகலா கம்ப்யூட்டரையே பார்த்துக் கண்ணு எரியுது. உங்களை மாதிரி மரம் செதுக்கிப் பழகலாம்னு இருக்கேன். என்ன கத்தி வாங்கறது?"

ஒரு படமும் அனுப்பியிருந்தான். பளபளன்னு ஒரு கத்தி. அதுல கத்தரிக்கோல் இருக்கு, ரம்பம் இருக்கு, பாட்டில் திறக்கிறது இருக்கு, பல்குத்தி கூட இருக்கு. "எல்லாம் இருக்குது கண்ணு, கத்தி எங்கே?" என்று கேட்டேன். சிரித்தான்.

"கத்தி அப்புறம் வாங்கலாம். முதல்ல ஒரு தீட்டுக்கல் வாங்கு" என்றேன். மாமா விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான். விளையாட்டு இல்லைங்க. அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கத்தியின் கதையைச் சொல்லணும். அந்தக் கதை எங்க காங்கேயம் பக்கத்தில் தொடங்கி லண்டன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

எங்க அப்பாரு கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் ஒரு மடக்குக்கத்தி வாங்கினார். மாட்டெலும்புப் பிடி, ஒரே அலகு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலகின் அடியில் 'ஷெஃபீல்டு' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவருக்குப் பின்னால் அது எங்க ஐயன் மடியில் இருந்தது. (அப்பாவை எங்க பக்கம் ஐயன்னு சொல்வோம்.) மூக்கணாங்கயிறு அறுக்க, வேப்பங்குச்சி சீவ, எனக்குப் பம்பரம் செதுக்க, ஆத்தாவுக்கு மோர் மத்து செய்ய, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான். வாரத்துக்கு ஒரு தரம் கிணத்துமேட்டுக் கல்லில் தண்ணி தெளித்துத் தீட்டுவார். அவசரமே இருக்காது.

1994-ல எனக்கு இருபத்துச் சொச்சம் வயசு. கல்லில் தேய்க்கிறது கிழவர்கள் வேலை என்று நினைத்தேன். டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் கரண்டில் ஓடும் சாணை இருந்தது. கத்தியைக் கொண்டுபோய் நானே பிடித்தேன். மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. ரெண்டே நிமிஷம். கூர் வந்துவிட்டது. ஆனால் கத்தி வாயோரம் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியிருந்தது. அதை அழகு என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஐயன் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெந்து போச்சு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஒரு குச்சி சீவினதுமே வாய் மடிந்துவிட்டது. தீட்டினால் ஒரு நாள் நிற்கும், மறுபடி மடியும். கொஞ்ச நாளில் அதைப் பரண் பெட்டியில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் மரம் செதுக்கி நான் பார்க்கவில்லை.

என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவே பல வருஷம் ஆச்சு. அதைத் தேடிப்போன வழியில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மடக்குக்கத்தி புதுசு இல்லை. ரோமாபுரி காலத்து மடக்குக்கத்திகளே மண்ணுக்குள் இருந்து கிடைத்திருக்கின்றன. நம்ம ஊரிலும் உண்டு. ஓலைச்சுவடி எழுதினவர்கள் மடக்கெழுத்தாணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வார சின்னக் கத்தி, இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். வெள்ளைக்காரர்கள் வாத்து இறகில் எழுதினார்கள். இறகு முனை தேயத் தேயச் சீவ ஒரு சின்னக் கத்தி வேண்டும். அதுதான் பேனாக்கத்தி. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் இரும்பு நிப்புகளை லட்சக்கணக்கில் செய்ய ஆரம்பித்ததும் இறகுப் பேனா போய்விட்டது. கத்தியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஓலையோ இறகோ, எழுதுகிறவன் பக்கத்தில் எப்போதும் ஒரு கத்தி இருந்திருக்கிறது.

ஷெஃபீல்டு, இங்கிலாந்தின் வடக்கே மலையும் ஓடையுமாக இருக்கிற ஊர். ஓடைத் தண்ணீரில் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கத்தி சாணை பிடித்தார்கள். சாணைக்கு ஏற்ற மணற்கல்லும் அங்கேயே கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் என்கிற கவிஞர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு மாவு மில்காரர் காலுறைக்குள் ஷெஃபீல்டு கத்தி செருகியிருப்பார். அந்தக் கத்திக்கு அன்றைய பெயர் 'த்விட்டில்'. கத்தியால் மரம் சீவுவதை இங்கிலீஷில் 'விட்லிங்' என்கிறார்கள் அல்லவா, அது இந்தச் சொல் வழியில் வந்ததுதான். 1624-ல அங்கே கத்தி செய்கிறவர்களுக்குச் சட்டப்படி ஒரு சங்கமே ஏற்பட்டது.

ஆனால் ஒரு குறை இருந்தது. அவர்களிடம் இருந்த உருக்கு ஒரே சீராக இல்லை. ஒரு அங்குலம் கெட்டி, அடுத்த அங்குலம் மெத்து. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்கு நல்ல உருக்கு கிடைக்காமல், மண் மூசைக்குள் போட்டு உருக்கை முழுசாக உருக்கி ஊற்றினார். சீரான உருக்கு கிடைத்தது. ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் முதலில் அதை வேண்டாம் என்றார்கள், ரொம்பக் கெட்டியாக இருக்கிறதாம்.

இந்த மூசை வேலையை இங்கே எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள் என்று படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

எங்க பக்கத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985-ல் இருந்து தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பார்த்தார்கள். கல்மணி செய்த இடம் மட்டும் இல்லை, இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அந்த வழியாக எத்தனை தரம் மாட்டு வண்டியில் போயிருப்பேன்!

சேலம் பக்கம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்த வேலை நடந்திருக்கிறது. பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கஞ்சமலைக் கருமணலை உருக்கி இரும்பு எடுப்பார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்ன மண் மூசையில் போடுவார்கள். ஒரு மூசைக்கு கால் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரைதான். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே ஒன்றிரண்டு எருக்கிலையை வைத்து, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, துருத்தியை ரெண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறினதும் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி.

இலையும் குச்சியும் எதற்கு? அவை கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கும். கரி சேராத இரும்பு மெத்து. அளவாகக் கரி சேர்ந்தால் உருக்கு. கத்தியின் உயிர் அந்தக் கரியில்தான் இருக்கிறது. நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஆவாரையும், வேலியோரம் யாரும் திரும்பிப் பார்க்காத எருக்கும் சேர்ந்து உலகத்தின் நல்ல உருக்கைச் செய்திருக்கின்றன.

தென்னிந்தியாவில் இப்படிச் செய்த உருக்கை வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். கன்னடத்து 'உக்கு' என்ற சொல்தான் அப்படி மாறியது என்பார்கள். 1794 வாக்கில் பம்பாயில் இருந்த ஸ்காட் என்ற டாக்டர், லண்டன் ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அந்த உருக்குக் கட்டிகளை அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதைச் சோதித்து 1795-ல ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சோதனையில் ஒன்று என்ன தெரியுங்களா? பேங்க்ஸ் கேட்டுக்கொண்டதால், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அந்த உருக்கில் ஒரு பேனாக்கத்தி அடித்தார். இருட்டில் மங்கலாகத் தெரியும் சிவப்புச் சூட்டில் வைத்துத்தான் அதை அடிக்க முடிந்தது. அடிக்கக் கஷ்டம். ஆனால் கூர் பிடித்ததும், எங்க ஊர் உருக்கைவிட இது பல வேலைக்கு மேல் என்று சொல்லிவிட்டார். பிறகு தன் கடை விளம்பரத்திலேயே இந்திய உருக்குக் கத்தி என்று போட்டுக்கொண்டார்.

அதே ஸ்டோடார்ட், மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து இந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்க 1820 வாக்கில் வருஷக்கணக்கில் மெனக்கெட்டார். கரண்ட் பற்றிய பாடத்தில் வருகிற அதே ஃபாரடேதான். அவர் அப்பா கொல்லர். இரும்போடு வெள்ளி, பிளாட்டினம் எல்லாம் கலந்து பார்த்தார்கள்.

இன்னொருத்தர் ஹீத். மதராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். வேலையை விட்டு 1830-ல பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துக் கனிமம்தான். அது சரியாக ஓடவில்லை. இங்கிலாந்து போய் 1839-ல, மூசை உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் மட்ட இரும்பிலும் நல்ல உருக்கு எடுக்க முடிந்தது, ஷெஃபீல்டில் விலை இறங்கியது. ஆனால் ஆளாளுக்கு அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்து லாபம் பார்த்தார்கள். ஹீத்துக்குக் கிடைத்தது கோர்ட் அலைச்சல்தான்.

இங்கே என்ன ஆச்சு? சீமை இரும்பு கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. உலைக்கு வேண்டிய கரி விலை ஏறியது. ஒவ்வொரு ஊராக உலை அணைந்தது. உருக்குச் செய்கிற வேலை போய், ஊர்க் கொல்லருக்குச் சீமை உருக்கைக் காய்ச்சி அடிக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. எங்க அப்பாரு கண்ணபுரம் சந்தையில் ஷெஃபீல்டு கத்தியைத் தேடி வாங்கியது அந்தக் காலத்தில்.

தீட்டுக்கல்லின் கதையும் இதே மாதிரிதான். எங்க சிவன்மலைப் பக்கப் பாறையில் குருந்தக்கல் உண்டு. வைரத்துக்கு அடுத்த கெட்டி. அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணை செய்வது இந்த நாட்டுப் பழைய வழக்கம். இங்கிலீஷில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நம்ம குருந்தம்தான். 1891-ல அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் உலையில் ஒரு புதுக் கெட்டிப்பொருளைச் செய்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து அதற்கு 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அவர் நினைத்தது தப்பு, பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயருக்குள் நம்ம ஊர்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2009-ல பரண் சுத்தம் செய்யும்போது கத்தி கிடைத்தது. ஐயன் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. எங்க ஊர் ஆசாரியார் உலையை மூடி அதற்கு முன்பே பல வருஷம். பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். எண்பது வயசுக்கு மேல் அவருக்கு. கத்தியை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"தோய்ச்சல் இறங்கிப் போச்சு தம்பி. அன்னைக்கே கொண்டு வந்திருந்தா அரைமணி வேலை. உங்க ஐயனே பார்த்திருப்பார்" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது. பதினைந்து வருஷம் கத்தி பரணில் இருந்தது, ஆசாரியார் நாலு வீடு தள்ளி இருந்தார். நான் போய்க் கேட்கவில்லை.

சாயங்காலமாக வரச் சொன்னார். வெயிலில் சூட்டின் நிறம் தெரியாதாம். பிடியின் ஆணியைத் தட்டி அலகைக் கழற்றினார். எங்க வீட்டுப் பின்கட்டில் அடுப்புக்கரியைக் குவித்து, பழைய துருத்தியை நான் ஊதினேன். அலகு செக்கச் சிவந்ததும் கடலெண்ணெயில் தோய்த்தார். "இப்ப இது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தா உடைஞ்சுபோகும்" என்றார். அலகைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடி தணலுக்கு மேலே முதுகுப்பக்கமாகக் காட்டினார். வெள்ளை இரும்பில் மெல்ல ஒரு நிறம் ஏறியது. "வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துடணும். விட்டா பழுப்பு, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். நீலம் வந்தா வில்லுக்கு ஆகும், கத்திக்கு ஆகாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரி சூடு. நீலம் 300 டிகிரி. கரண்ட் சாணையில் மெல்லிசான கத்தி வாய் ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். லண்டன் ஸ்டோடார்ட் அந்த ஊட்ஸ் பேனாக்கத்திக்குக் கொடுத்த பதம் 450 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம கணக்கில் 232. அவரிடம் வெப்பமானி இருந்தது. எங்க ஆசாரியாருக்கு வைக்கோல்போர் இருந்தது. சூடு ஒன்றேதான்.

அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

சரி, மாப்பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

மரம் சீவ ஒரே அலகுள்ள கத்தி போதும். அலகு உங்கள் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்ட வேண்டாம். முனை நேராக இருக்கட்டும். பிடி கைக்கு வாகாக, உருண்டையாக இருக்கணும். பத்து சாமான் உள்ள கத்தியை அரைமணி பிடித்தால் உள்ளங்கை காய்த்துவிடும். விரித்த அலகு பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அழுத்தும்போது மடங்கி விரலை வாங்கிவிடும். பிரான்சு நாட்டு சவாய் மலைப்பக்கத்தில் 1890-ல ஜோசப் ஒபினெல் செய்ய ஆரம்பித்த மரப்பிடிக் கத்தி இதற்கு நல்ல மாதிரி. 1955-ல அதற்கு ஒரு பூட்டு வளையம் சேர்த்தார்கள்.

உருக்கு? துருப்பிடிக்காத உருக்கை 1913-ல ஷெஃபீல்டிலேயே ஹாரி பிரேர்லி செய்தார். வெட்டாத கத்தி என்று அவரை அப்போது கேலி பண்ணினார்கள். இப்போது நல்லதும் வருகிறது. ஆனாலும் பழகுகிறவர்களுக்குத் துருப்பிடிக்கிற கார்பன் உருக்குதான் சுலபம். சாதாரணக் கல்லிலேயே கூர் வரும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

தீட்ட, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு உள்ள கல் வாங்குங்கள். தண்ணியோ எண்ணெயோ விடுங்கள், ஒரு கல்லுக்கு ஒன்றுதான். அலகு அகலத்தில் கால்வாசி அளவுக்கு முதுகைத் தூக்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் அலகு என்றால் அரை சென்டிமீட்டர். அந்தச் சாய்வு மாறாமல், கல்லின் தோலை மெல்லிசாகச் சீவி எடுக்கிற மாதிரி தள்ளுங்கள். மறுபக்கம் விரல் வைத்து, முதுகில் இருந்து வாய்ப் பக்கமாகத் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும். அது அடியில் இருந்து முனை வரை வந்ததும் திருப்பிப் போட்டு அதே மாதிரி. பிறகு வழவழப்புப் பக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், வாய் பின்னால் வருகிற மாதிரி இருபது இழுப்பு. சலூனில் முன்பெல்லாம் தோல்வாரில் இழுப்பார்களே, அதேதான். செதுக்கும்போது அரைமணிக்கு ஒரு தரம் பெல்ட்டில் இழுத்தால் கல்லுக்கு அடிக்கடி போக வேண்டாம்.

ஒரு துண்டு வெட்பாலைக் கட்டையைக் குறுக்கே சீவிப் பாருங்கள். வெட்டின இடம் பளபளன்னு இருந்தால் கூர் சரி. வெளுத்துப் பிய்ந்திருந்தால் இன்னும் தீட்டணும். மொக்கைக் கத்திதான் கையை வெட்டும். ஏனென்றால் அதைத்தான் பலம் கொடுத்து அழுத்துவோம். சீவும்போது எதிர்ப்பக்கம் உங்கள் விரலோ தொடையோ இருக்கக் கூடாது.

கரண்ட் சாணைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

மாப்பிள்ளை நேற்று மறுபடி போன் பண்ணினான். கல் வாங்கிவிட்டானாம். சமையலறைக் கத்தியில் தீட்டிப் பழகுகிறானாம், பிசிறு கைக்குத் தட்டுப்பட்டதாம். பொங்கலுக்கு வருகிறேன் மாமா என்றான். வரட்டும். ஐயன் கத்தி இப்போது தேய்ந்து தேய்ந்து அலகு பாதி அகலம்தான் இருக்கிறது. பேத்தியின் காளைக்கு இன்னும் கொம்பு பாக்கி. ஒரு கொம்பை அவனை அதில் செதுக்கச் சொல்லணும்.